20 கிராம் எடை... 70 வயது ஆயுள்! குகைக்குள் வாழும் ‘டிராகன் குட்டி’க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள்

கால்நடை மருத்துவர் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருவார்? மாட்டுக்கு சினை ஊசி போடுபவர், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பவர், வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுபவர். ஐரோப்பாவில் குரோஷியா, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளில் சில கால்நடை மருத்துவர்களிடம் வரும் நோயாளி கொஞ்சம் விசித்திரமானது. அதற்குக் கண் தெரியாது. வலித்தால் கத்தத் தெரியாது. எடை 20 கிராமைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் வயது? அந்த டாக்டரின் அப்பாவை விடவும் மூத்ததாக இருக்கலாம்!

அதன் பெயர் ஓல்ம். தவளை, தேரை வகையறாவான நீர்நில வாழ் உயிரினங்களில் வால் உள்ள சாலமண்டர் பிரிவைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் முதுகெலும்புள்ள விலங்குகளில் முழுக்க முழுக்க குகை வாழ்க்கைக்கே தன்னை மாற்றிக்கொண்டது இது ஒன்றுதான். ஸ்லோவேனிய மொழியில் இதற்கு ‘மனித மீன்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில், மனிதத் தோலைப் போலவே இருப்பதால் அந்தப் பெயர்.

மழை கொண்டு வந்த ‘டிராகன்’

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் தொடங்கி ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா வரை நீளும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் பூமி இது. மழைநீர் பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்துக் கரைத்து, உள்ளே குகைகளையும் பாதாள ஆறுகளையும் உருவாக்கி வைத்திருக்கிறது. நிலத்தின் மேல் ஓடும் ஆறு திடீரென ஒரு பள்ளத்துக்குள் மறையும். பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குகை வாயில் வழியே வெளியே வரும். இந்தப் பாதாள ஆறுகள்தான் ஓல்மின் வீடு.

கனமழை பெய்து பாதாள ஆறுகள் பொங்கும்போது, அவ்வப்போது சில ஓல்ம்கள் வெளியே அடித்து வரப்படும். பாம்பு போல நீண்ட உடல், நான்கு குட்டிக் கால்கள், கழுத்தோரம் சிவப்புக் குஞ்சம் போன்ற செவுள்கள். பார்த்த கிராமத்து மக்கள் என்ன நினைப்பார்கள்? ‘மலைக்கு அடியில் டிராகன் இருக்கிறது, இது அதன் குட்டி’ என்று பேசிக்கொண்டார்கள். 1689-ல் வால்வசோர் என்ற அறிஞர் தன் நூலில் இந்த நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். 1768-ல் லாரன்டி என்பவர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1859-ல் டார்வினே தன் புகழ்பெற்ற நூலில் இந்தக் குருட்டு உயிரினத்தைக் குறிப்பிட்டார்.

டிராகன் கதை போய்விட்டது. வெள்ளம் மட்டும் இன்றும் ஓல்ம்களை வெளியே அள்ளி எறிகிறது. கால்நடை மருத்துவரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவசரமே தெரியாத உயிர்

முதலில், ஒரு ஓல்மைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்த்துவிடலாம்.

பிரான்ஸ் நாட்டின் மூலிஸ் என்ற ஊரில் உள்ள குகை ஆய்வகத்தில் 1950-களிலிருந்து ஓல்ம்களை வளர்த்து வருகிறார்கள். அந்தப் பதிவேடுகளை வைத்து 2011-ல் ஒரு கணக்கு வெளியானது. வளர்ந்த ஓல்மின் சராசரி ஆயுள் 68 ஆண்டுகளுக்கும் மேல். சில 100 வயதைக்கூடத் தாண்டலாம். இனப்பெருக்கத்துக்குத் தயாராக 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன்பிறகும் ஒரு பெண் ஓல்ம் ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடுகிறது. அதுவும் சராசரியாக 35 முட்டைகள்தான்.

உணவு விஷயத்திலும் அவசரமே கிடையாது. குட்டி இறால் போன்ற பூச்சிகள், நத்தைகள் கிடைத்தால் சாப்பிடும். கிடைக்காவிட்டால் வருடக்கணக்கில் பட்டினி கிடக்கும். போஸ்னியா - ஹெர்சகோவினாவில் ஒரு குகைக்குள் முக்குளித்து ஆய்வு செய்தவர்கள், ஒரே ஒரு ஓல்ம் 2,569 நாட்கள் இருந்த இடத்திலேயே இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது ஏழு ஆண்டுகள்!

இப்படி மெதுவாக வாழும் உயிருக்கு ஒரு சிக்கல் உண்டு. வெள்ளத்திலோ நோயிலோ பத்து பெரிய ஓல்ம்கள் செத்துப்போனால், அந்த இடத்தை நிரப்ப இன்னொரு தலைமுறை வளர்ந்து வர வேண்டும். எலியோ தவளையோ என்றால் ஒரு பருவத்தில் ஈடுகட்டிவிடும். ஓல்முக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய’ இனமாக இடம் பெற்றிருக்கிறது. ஸ்லோவேனியாவின் தென்கிழக்கில், பேலா கிராயினா என்ற சிறு பகுதியில் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்ட கறுப்பு ஓல்மின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. உலகத்தில் அது வாழும் இடமே சில ஊற்றுகளைச் சுற்றியுள்ள குட்டி வட்டாரம்தான்.

ஆகவே, வளர்ந்த ஓல்ம் ஒவ்வொன்றும் முக்கியம். வெளியே அடித்து வரப்பட்ட ஒன்றைக்கூட ‘போகட்டும்’ என்று விட முடியாது.

டேபிளில் படுக்க வைக்க முடியாத நோயாளி

வெள்ளத்தில் வரும் ஓல்மின் உடம்பில் பாறையில் மோதிய காயங்கள் இருக்கும். செவுள் கிழிந்திருக்கலாம்; விரல் போயிருக்கலாம். (முன்னங்காலில் மூன்று, பின்னங்காலில் இரண்டு என மொத்தமே பத்து விரல்கள்தான்.) வெயில் பட்டே பழக்கமில்லாத தோல் வேறு.

அந்தத் தோல்தான் டாக்டருக்குப் பெரிய சவால். நீர்நில வாழ் உயிரினங்களுக்குத் தோல் என்பது வெறும் போர்வை இல்லை. நீரும் உப்பும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. சுவாசத்திலும் ஒரு பங்கு தோலுக்கு உண்டு. நாம் கையில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநாசினியின் மிச்சமே அதற்கு விஷமாகலாம். அதனால் பவுடர் இல்லாத கையுறையை நீரில் நனைத்துப் போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது.

அதே தோல் டாக்டருக்கு உதவியும் செய்கிறது. மயக்க மருந்து கொடுக்க ஊசி தேவையில்லை. மருந்தைத் தண்ணீரில் சரியான அளவில் கலந்து, அதில் விலங்கைக் கொஞ்ச நேரம் விட்டால் போதும். தோலும் செவுளும் உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தையும் பல நேரங்களில் இப்படி ‘குளியல்’ முறையில்தான் கொடுக்கிறார்கள்.

அளவுதான் தலைவலி. தவளைக்கு எவ்வளவு மருந்து என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் ஓல்ம் வாழும் குகை நீரின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ். கிட்டத்தட்ட நம் வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு. அந்தக் குளிரில் உடம்பின் எல்லா வேலைகளும் மெதுவாக நடக்கும். உள்ளே போன மருந்து வெளியேறவும் நேரம் பிடிக்கும். வழக்கமான இடைவெளியில் அடுத்த டோஸ் கொடுத்தால், முந்தைய டோஸே இன்னும் உடம்பில் இருக்கும். காயம் ஆறுவதும் மெதுவாகத்தான். நம்மூர் நாய்க்குக் கட்டுப்போட்டு ஒரு வாரத்தில் பிரிக்கிற மாதிரி இங்கே நடக்காது.

வார்டும் சாதாரண வார்டு இல்லை. இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தொடர்ந்து வைத்தால் அந்த வெளிர் தோலே கறுக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் சில்லென்று, சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்லோவேனியாவின் கிரான்ய் நகரில் 1960-ல் தொடங்கப்பட்ட துலார் குகை ஆய்வகம், குரோஷியாவின் ஜாக்ரெப் உயிரியல் பூங்கா போன்ற இடங்கள் இப்படிப்பட்ட நோயாளிகளை ஏற்றுப் பராமரித்திருக்கின்றன.

ஆணா, பெண்ணா? ஸ்கேன் சொல்லும்!

ஓல்மைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்வது பெரும்பாடு. இனப்பெருக்கக் காலத்தில் தெரியும் சிறு வித்தியாசத்தைத் தவிர, இரண்டும் ஒரே மாதிரிதான். அப்படியானால் காப்பகத்தில் ஜோடி சேர்ப்பது எப்படி? வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று அறிவது எப்படி?

நம் வீட்டுப் பெண்கள் கர்ப்ப காலத்தில் எடுத்துக்கொள்ளும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வழி. ஜாக்ரெப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்களும், அந்நகர உயிரியல் பூங்கா மருத்துவர்களும், பெர்லின் நகர வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து ஓல்ம்களை ஸ்கேன் செய்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுக்காமல், குத்தாமல், உள்ளே இதயம் எப்படித் துடிக்கிறது, கல்லீரல் எப்படி இருக்கிறது, முட்டைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க முடிகிறது. பல பத்தாண்டுகள் வாழும் நோயாளிக்கு, வருடா வருடம் செய்யக்கூடிய ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ இது!

முட்டையிட்டால் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையே சாட்சி. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வரும் குகை அது. 2016 ஜனவரி மாத இறுதியில், அங்கிருந்த கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஒரு முட்டை ஒட்டியிருப்பதைச் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் கவனித்தார். அடுத்தடுத்து 60-க்கும் மேற்பட்ட முட்டைகள். உடனே தொட்டியைத் திரையிட்டு மூடி, அகச்சிவப்பு கேமரா வைத்து இரவு பகலாகக் கண்காணித்தார்கள். நீரில் ஆக்ஸிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். முட்டைகளில் பூஞ்சை வருமோ என்ற பயம் வேறு. நான்கு மாதம் காத்திருந்து, மே 30-ம் தேதி முதல் குஞ்சு வெளியே வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்தன. உலக ஊடகங்கள் எல்லாம் ‘டிராகன் குட்டிகள் பிறந்தன’ என்று கொண்டாடின.

சாலமண்டரைத் தின்னும் பூஞ்சை

இதுவரை சொன்னது ஒரு விலங்கைக் காப்பாற்றும் கதை. ஒரு இனத்தையே மிரட்டும் விஷயம் ஒன்றும் இருக்கிறது.

நெதர்லாந்தில் ‘நெருப்பு சாலமண்டர்’ என்று ஒரு வகை உண்டு. கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகள். 2010 வாக்கில் தொடங்கி அவை திடீரென மடிந்தன. சில ஆண்டுகளில் 100-க்கு 4 மட்டுமே மிஞ்சின. காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த அன் மார்டெல், ஃப்ராங்க் பாஸ்மன்ஸ் குழுவினர். 2013-ல் அவர்கள் அடையாளம் காட்டியது ஒரு புதிய பூஞ்சை. தோலையே அரித்துப் புண்ணாக்கிக் கொல்வது. அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘சாலமண்டரைத் தின்பது’. சுருக்கமாக, ‘பிசால்’. ஆசியாவிலிருந்து, செல்லப்பிராணியாக விற்கப்படும் சாலமண்டர்களோடு இது ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இதற்கு ஒரு எளிய வைத்தியமும் கிடைத்தது. இந்தப் பூஞ்சைக்குச் சூடு ஆகாது. பாதிக்கப்பட்ட நெருப்பு சாலமண்டர்களை 25 டிகிரியில் பத்து நாட்கள் வைத்திருந்தால் தொற்று நீங்கிவிடுகிறது. ஆனால் 10 டிகிரி நீரிலேயே காலம் தள்ளும் ஓல்முக்கு அந்த வைத்தியத்தை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. அது மட்டுமல்ல, காட்டில் சாலமண்டர் செத்தால் யாராவது பார்ப்பார்கள். பாதாள ஆற்றில் ஓல்ம்கள் கூட்டமாகச் செத்தால் யார் கண்ணில் படும்?

‘பிசால் வந்தால் ஓல்ம் தாங்குமா?’ என்ற கேள்விக்குப் பதில் தேடி, கென்ட் மருத்துவர்களும் ஜாக்ரெப், ஸ்லோவேனியா ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். 2020-ல் பதில் வந்தது. பாதி நிம்மதி, பாதி கவலை!

நிம்மதி என்னவென்றால், தொற்று ஏற்பட்ட ஓல்ம்கள் நோய்வாய்ப்படவில்லை. அவற்றின் தோலில் இருக்கும் ஏதோ சில பொருட்கள் பூஞ்சையின் வேகத்தை அடக்கிவிடுகின்றன. கவலை என்னவென்றால், பூஞ்சை முழுதாகப் போகவும் இல்லை. குறைந்த அளவில், வெளியே தெரியாமல், முக்கியமாகக் கால்களில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதாவது, பார்க்க நலமாக இருக்கும் ஓல்ம் நோயைச் சுமந்து திரியலாம். நீண்ட நாள் போக்கில் அதன் உடல்நலத்தையே இது பாதிக்கவும் வாய்ப்புண்டு.

வீட்டுக்கு அனுப்பலாமா?

இப்போது அந்த டாக்டரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் வந்த ஓல்மைக் காப்பாற்றிவிட்டீர்கள். காயம் ஆறிவிட்டது. திரும்பக் குகைக்குள் விடலாமா?

விட்டால், காப்பகத்தில் தொற்றிய ஏதாவது கிருமியை அது குகைக்குள் கொண்டுபோகலாம். மற்ற ஓல்ம்களுக்கும் பரவலாம். விடாவிட்டால், இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காட்டில் வாழ்ந்து குஞ்சு பொரிக்க வேண்டிய ஒரு உயிர் தொட்டியிலேயே முடங்கிவிடும். இரண்டு தவறுமே எளிதில் திருத்த முடியாதவை.

அதனால்தான் விடுவிப்பதற்கு முன் பல படிகள். பஞ்சுக் குச்சியால் தோலைத் தடவி, பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். (கொரோனா காலத்தில் நம் மூக்கில் விட்டார்களே, அதே முறைதான்!) தனிமைப்படுத்திக் கண்காணிப்பார்கள். எந்த ஊற்றின் அருகே கிடைத்தது என்ற பதிவையும் பார்ப்பார்கள். ஓல்ம்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒவ்வொரு பாதாள நீர்ப்பாதையிலும் உள்ளவை மரபணு அளவில் வேறுபட்டவை. மாற்றி விட்டுவிடக் கூடாது. ஒரு விலங்கைத் தொட்ட கையுறையோடு இன்னொன்றைத் தொட மாட்டார்கள். ஒரு குகையில் இறங்கிய பூட்ஸைக் கிருமிநீக்கம் செய்யாமல் இன்னொரு குகைக்குள் இறங்கக் கூடாது என்பது ஆய்வாளர்களுக்கும் உள்ள விதி.

வெளியே தென்படும் ஓல்ம் எல்லாமே ஆபத்தில் இருப்பதாகவும் நினைத்துவிட முடியாது. இத்தாலியின் வடகிழக்கில் உள்ள ஊற்றுகளில் சில ஓல்ம்கள் தாங்களாகவே மேலே வந்து இரை தேடிவிட்டு உள்ளே போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எதைத் தூக்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் முதல் சிகிச்சை.

செத்தும் சாட்சி சொல்லும்

பிழைக்காத ஓல்மும் வீணாவதில்லை. அதன் திசுக்களைப் பரிசோதித்தால் குகை நீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியும். பேலா கிராயினாவில் க்ரூபா என்று ஒரு ஆறு, பாதாளத்திலிருந்து ஊற்றாக வெளிவருகிறது. மின்சாதனப் பாகங்கள் தயாரித்த தொழிற்சாலைக் கழிவிலிருந்து ‘பிசிபி’ என்ற நச்சு ரசாயனம் அதில் கலந்திருப்பது 1980-களில் தெரியவந்தது. அந்தப் பகுதி ஓல்ம்களின் உடலில் அந்த ரசாயனம் மிக அதிக அளவில் சேர்ந்திருந்தது. பல பத்தாண்டுகள் வாழும் உயிர், பல பத்தாண்டு நஞ்சையும் சேர்த்து வைக்கிறது.

சுண்ணாம்புப் பாறை பூமியில் மேலே ஊற்றுவது எல்லாம் நேராக உள்ளே இறங்கும். மண் வடிகட்டித் தர நேரம் இருக்காது. வயலில் அதிகமாகக் கொட்டும் உரம், மாட்டுப் பண்ணைக் கழிவு, சாக்கடை எல்லாம் ஓல்மின் வீட்டுக்குத்தான் போகும். அதே தண்ணீரைத்தான் அந்த வட்டார மக்களும் குடிக்கிறார்கள். ஓல்முக்கு வரும் நோய், மனிதர்களுக்கும் முன்னெச்சரிக்கை. பண்ணைக்குப் போகும் கால்நடை மருத்துவர் ‘சாணக் கழிவை ஊற்றுப் பக்கம் விடாதீர்கள்’ என்று விவசாயியிடம் சொன்னால், அதுவும் ஓல்முக்குப் பார்க்கும் வைத்தியம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

ஓல்ம் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறது. ஆனால் பிசால் பூஞ்சை ஊர் தாண்டியது விலங்கு வியாபாரத்தால்தான். அது எந்த ஊருக்கும் பொருந்தும். வீட்டில் குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வெளிநாட்டுத் தவளை, சாலமண்டர் வகைகளை வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். வளர்க்க முடியாத மீனையோ ஆமையையோ ‘பாவம்’ என்று ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் நீர்நிலைகளில் கொட்ட வேண்டாம். விலங்குக்கு உடம்பு சரியில்லை என்றால், இணையத்தில் பார்த்த மருந்தை ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

போஸ்டோய்னாவில் 2016-ல் பிறந்த அந்தக் குட்டிகள் இன்னும் ‘பள்ளிக்கூட வயதில்’தான் இருக்கின்றன. 2030-களில்தான் முட்டையிடும் பருவத்துக்கு வரும். அன்று முட்டையிலிருந்து வெளிவந்ததைப் பார்த்துக் கைதட்டியவர்களில் பலர், அந்தக் குட்டிகள் முதுமை அடைவதைப் பார்க்கப் போவதில்லை. இன்று ஒரு இளம் டாக்டர் எழுதும் ஓல்மின் மருத்துவக் குறிப்பை, அவர் ஓய்வு பெற்ற பிறகு இன்னொருவர் வாங்கிக்கொள்வார்; அவருக்குப் பிறகு மற்றொருவர். அதனால் தேதி, எடை, ஸ்கேன் விவரம், கிடைத்த ஊற்றின் பெயர் என எல்லாவற்றையும் அடுத்தவருக்குப் புரியும்படி தெளிவாக எழுதி வைக்க வேண்டும். இந்த நோயாளிக்கு அதுவும் சிகிச்சைதான்.